மோசின் நகாந்த் போல்ட் சுடச்சுட இறுகிக்கொள்கிறது

ஓஹையோவில் இருக்கிறேன். போன அக்டோபரில் மோசின் நகாந்த் 91/30 (பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள்) ஒன்று வாங்கினேன். இஷெவ்ஸ்க் தயாரிப்பு, 1942. போர்க்கால அவசரம் ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) அப்படியே தெரிகிறது, கடைசல் கோடுகளை விரலால் எண்ணலாம்.

முதல் ஏழெட்டு ரவுண்டு வரை பிரச்சினை இல்லை. பேரல் சூடானதும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடி மேலே எழும்ப மறுக்கிறது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால்தான் திறக்கும். ஆறிய பிறகு, காலியாக இருக்கும்போது, வெண்ணெய் மாதிரி போய் வருகிறது.

போடுவது அரக்குப் பூசிய இரும்புக் கேஸ் 7.62×54ஆர் தோட்டா. பித்தளைக் கேஸ் 20 ரவுண்டு போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. வெளியே வரும் கேஸின் உடம்பில் பழுப்பாக ஒரு பிசுக்கு வளையம் இருக்கிறது.

இதுவரை செய்தது: போல்ட்டைப் பிரித்து மினரல் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். பேரலில் கொதிநீர் ஊற்றினேன் (பழைய தோட்டா விட்டுச்செல்லும், துருப்பிடிக்க வைக்கும் உப்பைக் கழுவ எப்படியும் செய்வதுதான்). சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் குழி) 20 கேஜ் பித்தளை பிரஷ்ஷால் இரண்டு முறை தேய்த்தேன். இரண்டாம் முறையும் துணியில் காஸ்மோலின் (சேமித்து வைக்கும்போது துருப்பிடிக்காமல் பூசும் கிரீஸ்) நிறம் வந்தது. ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா தங்கி நிற்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி) இன்னும் அளக்கவில்லை, அதுவரை சுடுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். உப்புத்தாள் போடச் சொன்னார் ஒருவர். சேம்பரில் அதைப் போட எனக்கு மனசில்லை.

மோசின் வைத்திருப்பவர்களே, இது மிச்சமிருக்கும் காஸ்மோலின்தானா, இல்லை சேம்பரே சொரசொரப்பா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?