டெமரேஜ், டிடென்ஷன்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மார்த்தாண்டத்திலிருந்து, வணிகவியல் ஆசிரியை:

குழுமத்தாருக்கு வணக்கம். தேங்காய்த் தும்பும் கயிறும் ஏற்றுமதி செய்ய முன்வந்திருக்கும் பெண்களுக்கு இங்கே வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கப்பல் செலவு யார் தலையில் என்று சொல்லும் எஃப்ஓபி, சிஐஎஃப் எல்லாம் உலகம் முழுக்க ஒரே குறியீடு, அதில் கை வைக்கவில்லை. இடிப்பது டெமரேஜும் டிடென்ஷனும்தான். இரண்டுக்கும் 'தாமதக் கட்டணம்' என்றே எழுதியிருந்தேன்.

நேற்று வகுப்பில் ஒரு மாதிரி பில்லைக் கொடுத்தேன். முன்வரிசை அக்கா ஒருவர் இரண்டு வரியிலும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரே காசை ரெண்டு தடவை எழுதியிருக்காவளே" என்றார். என் தமிழைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். சரக்கு ஏற்றிய கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய், இலவச நாள் முடிந்தும் கப்பல் ஏறாமல் கிடந்தால் டெமரேஜ். கப்பல் கம்பெனியின் யார்டிலிருந்து எடுத்து வந்த காலிப்பெட்டி நம் ஆலை முற்றத்தில் நாள் கடந்து நின்றால் டிடென்ஷன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. தும்பு காயவில்லை என்று பெட்டியை நிறுத்தி வைத்துத் தண்டம் அழுதவர்களை எனக்குத் தெரியும். எந்தப் பணம் எதற்கு என்று சொல்லிலேயே விளங்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

முதலில் 'தாமத'த்தை விடுங்கள், அது வடசொல். 'தங்குகூலி' என்று வைக்கலாம். வினைத்தொகை, எனவே நடுவில் ஒற்று மிகாது. அச்சகத்தார் 'தங்குக்கூலி' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பழைய சொல் வேண்டுமென்றால் உல்கு இருக்கிறது, சுங்கம் என்று பொருள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைப் பாருங்கள். 'உல்கு செயக் குறைபடாது' சரக்கு வருகிறது, 'புலிபொறித்துப் புறம்போக்கி' வெளியே அனுப்புகிறார்கள். அங்கே 'பொதிமூடைப் போர்' என்று மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. கிடந்த சரக்கும் உண்டு, வாங்கிய பணமும் உண்டு. 'கிடப்புல்கு' என்றால் என்ன குறை?

தக்கலையிலிருந்து:

> உல்கு இருக்கிறது

ஐயா, உல்கு அரசன் வாங்குவது. வள்ளுவரும் 'உல்கு பொருளும்' என்று வேந்தன் பொருளில்தான் சேர்க்கிறார் (குறள் 756). டிடென்ஷனை வாங்குவது கப்பல் கம்பெனி, அது வரி ஆகாது. இன்னொன்று, உல்கும் சுங்கமும் இரண்டுமே வடமொழி 'சுல்க'த்திலிருந்து வந்தவை என்று சொல்வாரும் உண்டு. தாமதத்தை வெளியேற்றிவிட்டு உல்கை உள்ளே விடுவது எப்படி?

என் ஓட்டு 'சுணக்கக் கட்டண'த்துக்கு. எங்கள் பக்கத்தில் பஸ் சுணங்கும், கல்யாணம் சுணங்கும், எல்லோரும் சொல்கிற சொல். சங்கப் பாட்டில் சுணங்கு என்பது பெண்கள் மேனியில் படரும் பொன்னிறத் தேமல். தேமலும் தாமதமும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வாடிப்போதல் என்ற கருத்தில் இரண்டும் கூடுமோ?

குளச்சலிலிருந்து, கப்பலில் போசனாக (தளத்து ஆட்களுக்கு மேஸ்திரியாக) இருந்தவர்:

டீச்சர், தேமலை விட்டுவிட்டுக் கடலுக்கு வருவோம். டெமரேஜ் முதலில் பெட்டிக்கு வந்ததல்ல, கப்பலுக்கு வந்தது. கப்பலை வாடகைக்கு எடுத்தவர் பேசிய நாளுக்குள் ஏற்றி இறக்கவில்லை என்றால் கப்பல்காரருக்குக் கட்டுவது டெமரேஜ். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் கப்பல்காரர் திருப்பித் தருவது டெஸ்பாட்ச், பெரும்பாலும் டெமரேஜில் பாதி. ஒருமுறை டெமரேஜ் ஓடத் தொடங்கினால் அப்புறம் மழை, ஞாயிறு என்று பொதுவாக எதற்கும் கழிவு கிடையாது. ரயிலிலும் வேகன் நின்றால் டெமரேஜ், சரக்கு ஸ்டேஷனில் கிடந்தால் வார்ஃபேஜ். இதையெல்லாம் ஒரு சொல்லுக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது பெட்டி மட்டும்.

'தங்குகூலி' வேண்டவே வேண்டாம். எங்கள் கரையில் தங்குகடல் என்றால் நாள்கணக்கில் கடலில் கிடந்து மீன்பிடிப்பது. தங்குகூலி என்றால் அந்தப் படகில் போகிறவனுடைய கூலி என்று நினைப்பான். வாங்குகிற காசு என்று சந்தோஷப்படுவான், கட்ட வேண்டிய காசு என்று புரியாது.

பூதப்பாண்டியிலிருந்து:

கிடைக்கூலி? அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால் இடையருக்குக் கொடுப்போமே, அந்தக் கிடை. ஒரு இடத்தில் கிடந்ததற்குக் காசு என்பது எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

பூதப்பாண்டி அண்ணாச்சி, கிடைக்கூலியை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். உடனே புரிந்தது, ஆனால் தலைகீழாகப் புரிந்தது. ஆடு கிடந்தால் வயலுக்கு உரம், அதனால் மனமுவந்து கொடுக்கிறோம். பெட்டி கிடந்தால் நஷ்டம். ஆனால் 'கிட' என்ற வேர் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது.

அதை வைத்து இப்படி யோசித்தேன். இரண்டுமே நாள் கடந்ததற்கு வாங்குகிற காசுதான். வேறுபடுவது பெட்டி கிடக்கும் இடம், துறைமுக வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது. சொல்லும் இடத்தைச் சொல்லட்டும். டெமரேஜ் துறைக்கிடப்பு, டிடென்ஷன் வெளிக்கிடப்பு. முன்வரிசை அக்காவிடம் இதைச் சொல்லி அதே பில்லைக் கொடுத்தேன். ஐந்து நாள் இலவசம், ஒன்பது நாள் ஆலையில் நின்ற பெட்டி. "நாலு நாள் வெளிக்கிடப்பு, நம்ம முற்றத்துல கிடந்தது" என்று அவரே கணக்குப் போட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

துறைக்கிடப்பு அருமை. ஆனால் எங்களுக்கு வெளிக்கிடுதல் என்றால் புறப்படுதல். 'வெளிக்கிடப்பு' என்று கேட்டதும் பெட்டி கிளம்பிவிட்டது போல இருக்கிறது. அது கிளம்பாததற்கல்லவா காசு? 'புறக்கிடப்பு' ஆக்க முடியுமா?

தூத்துக்குடியிலிருந்து, கிளியரிங் வேலை பார்ப்பவர்:

எந்தச் சொல் வைத்தாலும் பக்கத்தில் டெமரேஜ், டிடென்ஷன் என்று தமிழ் எழுத்தில் போடுங்கள். பில் அந்தப் பெயரில்தான் வரும். போனில் கேட்கும்போதும் அதைத்தான் சொல்ல வேண்டும். சில பில்களில் இரண்டையும் சேர்த்து ஒரே வரியாகவும் போடுவார்கள். அப்போது பிரித்துக் கேட்க அந்த அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:

'கிடப்பில் போட்ட கோப்பு' என்கிறோமே, அந்த வாடை அடிக்கிறது. தங்குகூலியே சரி என்பதில் மாற்றமில்லை. மீனவர் குழப்பம் ஒரு வாரத்தில் தீரும், நல்ல தமிழ்ச்சொல் நூறாண்டு நிற்கும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஐயா, கோப்பு கிடப்பது போலத்தான் பெட்டியும் கிடக்கிறது, அந்த வாடை இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு அச்சகம் பூட்டிவிடுவார்கள். துறைக்கிடப்பு / டெமரேஜ், வெளிக்கிடப்பு / டிடென்ஷன் என்று அனுப்பிவிட்டேன். புறக்கிடப்பை வகுப்பில் சொன்னபோது புறக்கணிப்பு என்று காதில் விழுந்தது, அதனால் விட்டேன். தங்குகூலியைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்திருக்கிறேன், ஒற்று மிகாமல்.

தக்கலையிலிருந்து:

சுணக்கத்தையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கலாம்.