அடி அறுத்த கல்லைச் சுய்செகி என்று ஏற்கலாமா?

கேள்வி: கூழாங்கல்

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானியரின் சுய்செகிக் கலையைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். மலையையோ தீவையோ அருவியையோ நினைவூட்டும் சிறு கல்லை ஆற்றுப் படுகையிலிருந்து தேர்ந்தெடுத்து, அதன் அடிவடிவத்துக்கு இசையக் குடைந்த ‘டாய்ஸா’ என்னும் மரப்பீடத்திலோ, மணல் பரப்பிய ‘சுய்பான்’ என்னும் ஆழமற்ற தட்டிலோ வைத்து நோக்குவது என்ற அளவில் எனக்குப் புரிந்திருக்கிறது. அறிமுகக் கட்டுரைகள் அனைத்தும் கல்லில் உளி படவே கூடாது என்று ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் கண்காட்சிப் படங்களை உற்றுப் பார்த்தால், தொலைமலை வடிவக் கற்கள் பலவற்றில் கல்லும் பீடமும் சேரும் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறது. ஆற்றில் உருண்ட கல்லுக்கு இப்படி ஓர் அடி தானாக அமையுமா? அறுத்தவை என்றால் அவற்றையும் சுய்செகி என்று ஏற்கிறார்களா? அறுத்த கல்லை அறிந்துகொள்ளும் வழி ஏதேனும் உண்டா?

மறுமொழி: பழம்பாறை

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அடியை அறுப்பது ஜப்பானிலேயே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதை மறைத்துப் பேசும் வழக்கம்தான் அறிமுகக் கட்டுரைகளில் நிலைத்துவிட்டது. 1960களில் கல் சேகரிப்பு அங்கே பெரும் மோகமாகப் பரவியபோது, நல்ல தொலைமலைக் கற்களுக்கான தேவை ஆறுகள் தரக்கூடிய அளவைத் தாண்டிச் சென்றது. மேற்பாதி அழகாகவும் கீழ்ப்பாதி உருவமற்றும் இருக்கும் கல்லைக் கல்லறுக்கும் வாளால் இரண்டாக்கினால் ஒரு மலை கிடைத்துவிடும் என்பதை வணிகர்கள் அறிந்திருந்தார்கள்.

வாக்காயாமா பகுதியின் ஃபுருயா கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கருமையும் கூரிய முகடுகளும் கொண்ட இவை தொலைமலை வடிவத்துக்குப் பெயர்போனவை. இவற்றில் அடி அறுபட்டவை ஏராளம். கிஃபு மாநிலத்தின் நேயோதானி பள்ளத்தாக்கில் கிடைக்கும், செவ்வந்திப் பூவின் கோலம் கொண்ட செவ்வந்திக் கற்களின் நிலை இன்னும் வெளிப்படையானது. பூப்போல விரியும் அவற்றின் கனிமப் படிகங்கள் பாறைக்குள் புதைந்து கிடப்பதால், பெரும்பாலும் மேற்பரப்பைத் தேய்த்து மெருகிட்டால்தான் பூவே கண்ணுக்குத் தெரியும். அதைச் செய்யாத கல்லைப் பீடத்தில் ஏற்றுவது அரிது. ஆகவே ‘கைபடாத கல்’ என்பதை எல்லா வகைக்கும் பொதுவான விதியாகக் கொள்ள இயலாது என்பதே என் கருத்து.

அதே வேளையில், இக்கலையின் உச்சம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேரரசர் கோ-டைகோ (1288–1339) வைத்திருந்ததாக மரபு கூறும் ‘கனவின் மிதக்கும் பாலம்’ என்ற கல், இன்று நகோயாவின் தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீண்டு தாழ்ந்த, கண்ணைப் பறிக்காத ஒரு கல் அது. சீன அறிஞர்கள் போற்றிய தாய்ஹூ ஏரிக் கற்களின் துளைகளையும் முறுக்குகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜப்பானியர் தேடிய அடக்கம் அதில்தான் இருக்கிறது.

மறுமொழி: மணற்பரப்பு

பழம்பாறை அவர்கள் தந்த வரலாற்றோடு எனக்கு முரண்பாடில்லை. அதிலிருந்து அவர் எட்டும் முடிவோடு ஓரளவு உண்டு. செவ்வந்திக் கல் தனி வகை. அங்கே நோக்கப்படுவது பூவின் கோலம். மலைக்கல்லில் நோக்கப்படுவது வடிவம். அந்த வடிவத்தை வாள் தீர்மானித்துவிட்டால், கண்டெடுத்தவரின் பார்வைக்கு அங்கே என்ன வேலை மிஞ்சுகிறது?

அறிந்துகொள்ளும் வழியைக் கேட்டிருந்தீர்கள். ஆற்றில் நெடுங்காலம் உருண்ட கல்லின் விளிம்பு, அடியை நெருங்கும்போது மெல்ல உள்நோக்கி மடியும். மேற்பரப்பின் தோலே அடிப்பக்கத்திலும் தொடரும். அறுத்த கல்லில் அந்தத் தோல் ஓரிடத்தில் சட்டென்று முடிந்து, சரிவு மடியாமல் வெட்டுண்டு நிற்கும். சிலர் அந்தக் கூர்மையை அரைத்து மழுக்கிவிடுவார்கள். அப்போதும் அரைத்த பட்டையின் நிறமும் சொரசொரப்பும் மற்ற இடத்தோடு ஒட்டாமல், கல்லைச் சுற்றி ஒரே அகலத்தில் ஓடுவதைக் காணலாம். டாய்ஸாவும் உண்மையைச் சொல்லிவிடும். இயற்கையான அடிக்குக் குடைந்த பீடத்தின் உதடு கல்லின் மேடுபள்ளத்துக்கேற்ப ஏறி இறங்கும். அறுத்த கல்லின் பீடம் பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். இவை எல்லாம் நெருங்கிப் பார்ப்பவருக்கு உதவும் குறிப்புகள்தாம்; உறுதியாக அறிய வேண்டுமானால் கல்லைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நல்லது.

தொலைமலைக் கல்லின் அடியை அறுத்து, அறுத்ததென்று சொல்லியே காட்சிக்கு வைப்பதை நான் பொறுத்துக்கொள்வேன். குளக்கல்லில் பள்ளத்தைக் கருவியால் குடைவதையும், அமிலத்தால் அரித்து முகடுகளை உண்டாக்குவதையும் அதே தட்டில் வைக்க முடியாது. அவை சிற்பம், சிற்பம் என்றே அவற்றைச் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கூழாங்கல்

இருவருக்கும் மிக்க நன்றி. பீடத்தின் உதட்டைப் பற்றிய குறிப்பைக் கொண்டு நான் சேமித்திருந்த படங்களை மறுபடி பார்த்தபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு ஐயம்: பழைய கற்களில் காணப்படும் அந்த ஆழ்ந்த, மங்கலான மினுமினுப்பு எண்ணெய் தடவுவதால் வருவதா?

மறுமொழி: ஈரக்கல்

எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் முதல் நாள் கருமையைத் தரும். பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை உள்வாங்கும் இயல்பைக் கெடுத்துவிடும். நீங்கள் சொல்லும் தோற்றம் ‘யோசெகி’ என்னும் நீண்ட பராமரிப்பால் வருவது. கல்லைத் திறந்த வெளியில் தட்டின் மேல் வைத்து, வெயிலும் மழையும் பட விட்டு, தண்ணீர் ஊற்றி, அவ்வப்போது திருப்பி வைத்துப் பல ஆண்டுகள் வளர்க்கிறார்கள். புதிதாக எடுத்த கல்லின் பக்குவப்படாத தோற்றம் மெதுவாக அடங்கி, நிறம் ஒருசீராகக் கனிகிறது. கியோட்டோவின் காமோ ஆறு, ஷிகாவின் சேத்தா ஆறு, ஹொக்கைடோவின் கமுய்கோத்தான் ஆகிய இடங்களின் கற்கள் உயர்வாக மதிக்கப்படுவதற்கு அவற்றின் கடினமும் ஒரு காரணம். மென்மையான, நொறுங்கும் கல் இந்தப் பராமரிப்பைத் தாங்காது.

தண்ணீரின் வேலை அத்தோடு முடிவதில்லை. சுய்பானில் வைத்த கல்லின் மேல் நீர் தெளித்துவிட்டுச் சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள். முகடு முதலில் உலர்ந்து வெளிறும். பிளவுகளும் அடிவாரமும் கருமையாகவே நிற்கும். ஒரு சாண் கல்லில் திடீரென்று உயரமும் தொலைவும் தோன்றிவிடும். இதற்காகவே நான் மரப்பீடத்தைவிடச் சுய்பானை விரும்புகிறேன். கோடைக்காலக் காட்சிக்கு ஜப்பானில் அதுதான் பொருத்தமாகக் கருதப்படுகிறது. தட்டின் நட்டநடுவில் கல்லை வைக்காமல் சற்று ஒதுக்கி, நீண்ட சரிவு இறங்கும் பக்கத்தில் கூடுதல் வெற்றிடம் விட வேண்டும். மணலைச் சலித்துப் பரப்பி, கல்லின் அடியோரத்தில் மட்டும் விரலால் அணைத்துவிட வேண்டும்.

உருவ ஒற்றுமையைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் சிச்சிபு நகரில் மனித முகம்போல் தோன்றும் கற்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் கண்டவுடன் ‘இது இன்னார் முகம்’ என்று சொல்ல வைக்கும் கல்லை அடுத்த நாள் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. உருவக்கல் என்ற வகை சுய்செகியிலும் உண்டு. அதில்கூடக் குறிப்பாகச் சொல்லும் கல்லே மதிக்கப்படுகிறது.

மறுமொழி: பழம்பாறை

மணற்பரப்பு அவர்களின் ‘சிற்பம்’ என்ற பிரிவினையை ஏற்கிறேன். அறுத்ததை அறிவித்துவிட வேண்டும் என்பதிலும் உடன்படுகிறேன். ஆனால் மலைக்கல்லில் கண்டெடுத்தவருக்கு வேலையே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். எந்த மட்டத்தில் அறுத்தால் மலை தோன்றும் என்று காண்பதற்கும் பார்வை வேண்டும்.

ஜப்பானுக்கே சென்று கல் தேட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: தேசியப் பூங்காக்களின் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளில் கல்லை எடுப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆற்றுப் படுகைகளிலும் மண், கல் எடுப்பதற்கு ஆற்றுச் சட்டத்தின்கீழ் அனுமதி முறை இருப்பதால், ஆற்றை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கற்களை அமைதியாகப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால், 2010இல் திறக்கப்பட்ட ஓமியா போன்சாய் கலை அருங்காட்சியகத்தில் போன்சாய்களோடு சுய்செகிகளையும் காணலாம்.