இஸ்ரேல், பாலஸ்தீனம்னு ரெண்டு நாடு தீர்வு: இன்னும் உயிரோட இருக்கா, இல்ல சும்மா பேச்சா?

கரிசல்காரன்:
2025 செப்டம்பர்ல பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ்னு வரிசையா பாலஸ்தீனத்தை நாடா ஏத்துக்கிட்டப்போ நம்மாளுங்க பாதி பேர் "எல்லாம் நாடகம்"னாங்க. இந்தியா 1988லயே ஏத்துக்கிட்டதால நமக்கு அது பெருசா தெரியல போல. நான் சொல்றது ஒண்ணுதான். ஜோர்டான் நதிக்கும் கடலுக்கும் நடுவுல யூதர் சுமார் 70 லட்சம், பாலஸ்தீனர் சுமார் 70 லட்சம், ரெண்டு பேருமே அங்கிருந்து எங்கயும் போகப்போறதில்ல, ஒருத்தர் இன்னொருத்தரை ஆளவும் முடியாது. பாகப்பிரிவினை பண்ணிட்டு தனித்தனி வாசல் வெச்சுக்கறதுதான் வழி.

மூணாந்தெரு மணி:
பாகப்பிரிவினைன்னா முதல்ல பங்கு மிச்சம் இருக்கணும்ல ப்ரோ. 1993ல இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் ஆஸ்லோ ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்போ, 1967 போர்ல இஸ்ரேல் பிடிச்ச மேற்குக் கரையில குடியேறின யூதர் ஒரு லட்சத்துக்கு கொஞ்சம் மேல, இப்ப 5 லட்சம், இதுல கிழக்கு ஜெருசலேமை சேர்க்கவே இல்ல. மேற்குக் கரையை ஏ, பி, சின்னு மூணு பகுதியா பிரிச்சாங்க, 60 சதவீதம் சி, அது முழுக்க இஸ்ரேல் கையில. இப்ப ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவுல இ1ங்கற வீடு கட்டற திட்டத்துக்கும் அனுமதி குடுத்தாச்சு, அது கட்டி முடிஞ்சா ரமல்லா பக்கமும் பெத்லகேம் பக்கமும் நடுவுல அறுந்துரும். எல்லாருக்கும் சம ஓட்டோட ஒரே நாடு, அதுதான் நேர்மையான வழி.

வாசன்67:
ரெண்டு பேருமே இஸ்ரேல் பக்கம் நின்னு பாக்க மாட்டேங்கறீங்க. 2005ல காசாவுல இருந்து 21 குடியேற்றத்தையும் காலி பண்ணாங்க. 2006ல பாலஸ்தீனத் தேர்தல்ல ஹமாஸ் இயக்கம் ஜெயிச்சது, 2007ல காசாவையே பிடிச்சது, 2023 அக்டோபர் 7ல சுமார் 1,200 பேர் செத்தாங்க, 250 பேரை தூக்கிட்டுப் போனாங்க. இப்ப மேற்குக் கரையையும் விடுன்னா எவன் விடுவான்? அங்க மலை மேல நின்னா டெல் அவிவ் பக்கம் கண்ணுக்கே தெரியும். 2008ல இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் குடுத்த சமாதானத் திட்டத்தையும் பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸ் வாங்கிக்கல.

கரிசல்காரன்:
வாசன் சார், அக்டோபர் 7 கொடுமைங்கறதுல எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனா 2005 ஒப்பந்தம் போட்டு விட்டது இல்லையே, அப்போதைய பிரதமர் ஷரோன் தானா முடிவு பண்ணி வெளியேறினார், வானமும் கடலும் இஸ்ரேல் கையிலேயேதான் இருந்துச்சு. 1967ல எகிப்துகிட்ட இருந்து இஸ்ரேல் பிடிச்ச சினாயை பாருங்க. 1979ல எகிப்தோட ஒப்பந்தம், 1982ல அங்க இருந்த யமித்ங்கற குடியேற்ற ஊரையே இடிச்சுட்டு திருப்பிக் குடுத்தாங்க, எத்தனையோ சண்டைக்கப்புறமும் அது நிக்குது. கையெழுத்து போட ஆள் இருந்தா ஒரு கதை, இல்லாட்டி வேற கதை.

2008 விஷயத்துல அப்பாஸ் மேல எனக்கும் கோபம் உண்டு. ஆனா எல்லை மேப்பை காட்டினாங்களே தவிர கையில குடுக்கல, அவரு ஞாபகத்துல வெச்சு தன் கையால வரைஞ்சார்னு சொல்வாங்க, அந்தப் பக்கம் ஓல்மெர்ட் ஊழல் விசாரணையில மாட்டி பதவியை விட்டு போயிட்டிருந்தார்.

மணி ப்ரோ, குடியேறினவங்கள்ல பெரும்பாலானவங்க பச்சைக் கோட்டை, அதாவது 1967க்கு முன்னாடி இருந்த எல்லையை ஒட்டித்தான் இருக்காங்க. அந்தத் துண்டுகளை இஸ்ரேலுக்கு விட்டுட்டு பதிலுக்கு அதே அளவு நிலம் வாங்கிக்கலாம்னு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து எழுதின 2003 ஜெனீவா சமாதான வரைவுலயே வந்தாச்சு.

மூணாந்தெரு மணி:
ஏரியெல் குடியேற்றம் எங்க ஒட்டி இருக்கு? சுமார் 20 கிலோமீட்டர் உள்ள! காசாவுல 8,000 பேரை கிளப்பவே அத்தனை ஆயிரம் போலீஸ், ராணுவம் வேண்டியிருந்துச்சு. உள்ள இருக்கற ஒரு லட்சம் பேரை எந்த பிரதமர் கிளப்புவார்? பேச்சுவார்த்தைக்கு கை நீட்டினதுக்கே 1995ல இஸ்ரேல் பிரதமர் ராபினை ஒரு யூதனே சுட்டுட்டான். ஒரே நாடுங்கறது என் கற்பனையும் இல்ல, 1947 ஐநா கமிட்டியில இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூணும் கூட்டாட்சி நாடுன்னுதான் சொல்லுச்சு.

கரிசல்காரன்:
சொல்லுச்சு, ரெண்டு பக்கமும் வேண்டாம்னுட்டாங்க 😄 அதை சொன்ன யூகோஸ்லாவியாவே அப்புறம் சுக்குநூறா போச்சு, இந்தியா அப்பத்தான் ரெண்டாகி ரத்தம் காயாம இருந்துச்சு. உங்க ஒரே நாட்டுல துப்பாக்கி யார் கையில இருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.

வாசன்67:
2024 ஜூலைல இஸ்ரேல் பார்லிமென்ட் பாலஸ்தீன நாடே வேண்டாம்னு 68க்கு 9ன்னு தீர்மானம் போட்டாச்சு. நீங்க இங்க கோடு போட்டுட்டு இருங்க.

கரிசல்காரன்:
காசாவுல இருந்த நெட்ஸரிம் குடியேற்றமும் டெல் அவிவும் ஒண்ணுன்னு ஷரோன் 2002ல சொன்னார் சார். 3 வருஷத்துல அவரே நெட்ஸரிமை காலி பண்ணார்.

யாழினி:
அண்ணா, நீங்க எல்லாரும் 1967 போர்ல இருந்தே ஆரம்பிக்கறீங்க. 1948ல இஸ்ரேல் உருவானப்போ ஊரை விட்டு துரத்தப்பட்ட, ஓடின பாலஸ்தீனர் சுமார் 7 லட்சம் பேர், இன்னும் சில வீட்டுல ஹைஃபா, யாஃபா வீட்டு சாவி இருக்கு. உங்க ரெண்டு நாட்டுல ஹைஃபாக்காரனுக்கு என்ன?

கரிசல்காரன்:
அங்கதான்மா எனக்கு தொண்டை அடைக்குது. 2000 டிசம்பர்ல அமெரிக்க அதிபர் கிளின்டன் வெச்ச திட்டப்படி அவங்க திரும்பறது பாலஸ்தீன நாட்டுக்கு, இல்லாட்டி நஷ்டஈடு, இல்லாட்டி வேற நாடு, இஸ்ரேல் இஷ்டப்பட்டா கொஞ்ச பேர் உள்ள வரலாம். அது நியாயம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தப் பேரன் பாஸ்போர்ட் கூட இல்லாம லெபனான் முகாம்லயே கிழவனாகறதை விட மேல்னுதான் சொல்வேன்.

யாழினி:
அதை அந்தப் பேரன் சொல்லட்டும் அண்ணா, நீங்க சொல்லாதீங்க.

மூணாந்தெரு மணி:
துப்பாக்கி கேள்விக்கு ராத்திரி வந்து எழுதறேன், ஆபீஸ்ல இருக்கேன்.