5 எம் உப்புக் கரைசல்: கணக்கும் சோதனையும் ஒட்டவே இல்லை, உதவி

கொழிஞ்சாம்பாறை மாணவி:
நாளை ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்கணும். 5 எம் உப்புக் கரைசலுக்கு ஆக்டிவிட்டி கோஎஃபிஷியன்ட் (அயனிகளின் செயல்படும் செறிவுக்கும் உண்மைச் செறிவுக்கும் உள்ள விகிதம்) கணக்கில் 0.07 வருகிறது, சோதனையில் 0.87 பக்கம் நிற்கிறது. எங்கே தப்பு? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வாளையார்க்காரர்:
எந்த உப்பு? என்ன வெப்பநிலை? எந்தச் சமன்பாடு?

கஞ்சிக்கோடு லேப்:
எம் என்றால் மோலாலிட்டியா (ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை மோல்), மோலாரிட்டியா (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்)? இவ்வளவு செறிவில் இரண்டும் ஒன்றல்ல.

பழைய வாத்தியார்:
0.07 என்றாலே நீ போட்டது டிபை-ஹியூக்கல் லிமிட்டிங் லா என்று தெரிகிறது. 1923-ல் வந்த அந்த விதி மிக நீர்த்த கரைசலுக்கு உரியது. 0.01 மோலாலைத் தாண்டினாலே விலக ஆரம்பிக்கும். பாடப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து கேட்டிருக்கலாம்.

வாளையார்க்காரர்:
அவசரத்தில் கேட்கிற பிள்ளையிடம் இப்படியா சார்? அந்த விதியைக் கொஞ்சம் கூடுதல் செறிவுக்கு நீட்டிய டேவிஸ் சமன்பாட்டைப் போட்டுப் பாரும்மா, ஒரே வரிதான்.

கஞ்சிக்கோடு லேப்:
சோடியம் குளோரைடு, 25 டிகிரி என்று வைத்து டேவிஸ் போட்டேன்: 2.6. அது 0.5 மோலால் வரைக்கும்தான் தாங்கும். 5 மோலாலில் ஒரு ஜோடி அயனிக்குத் தண்ணீர் மூலக்கூறு 11தான். அந்தத் தண்ணீர் மூலக்கூறுகளிலும் பல, அயனிகளோடு ஒட்டிக்கொள்கின்றன, அயனிகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அதனால்தான் 1 மோலாலில் 0.66 வரை இறங்கிய மதிப்பு மறுபடி ஏறுகிறது. இதற்கு, அந்த நெருக்கத்தையும் கணக்கில் எடுக்கும் பிட்சர் சமன்பாடுதான் சரி. அதில் சோடியம் குளோரைடுக்குப் போட வேண்டிய எண்கள்: பீட்டா சுழியம் 0.0765, பீட்டா ஒன்று 0.2664, சி ஃபை 0.00127.

சித்தூர்க்காரி:
தண்ணீரின் ஆக்டிவிட்டியையும் (கரைசலின் ஆவியழுத்தத்துக்கும் சுத்தமான தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) அறிக்கையில் சேர்த்துக்கொள் கண்ணு. நிறைவுற்ற உப்புக் கரைசலில் அது 0.75. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசிவது அதனால்தான். இடவப்பாதி மழையில் எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி அடியில் தண்ணீரே நிற்கும்.

பழைய வாத்தியார்:
கல்லுப்பு கசிவது அதிலுள்ள மக்னீசியம் குளோரைடால். அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும்.

சித்தூர்க்காரி:
அப்போ ஆய்வகத்துச் சுத்தமான உப்பு மழைக்காலத்தில் ஏன் கட்டிபிடிக்கிறது சார்? திறந்து வைத்த தட்டில் ஓரமெல்லாம் நனைந்தே போகிறது.

பழைய வாத்தியார்:
மழைக்காலத்தில் 75-ஐத் தாண்டும், அது சரி. நான் சொல்வது வெயில் காலத்திலும் ஈரமாகவே இருக்கும் கல்லுப்பை.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
சோடியம் குளோரைடு, 25 டிகிரி, மோலாலிட்டிதான். பிட்சரில் 0.87 வந்துவிட்டது. நன்றி அண்ணா, நன்றி அக்கா.

வாளையார்க்காரர்:
சோதனை எப்படிச் செய்தாய், மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளந்தா, ஆவியழுத்தத்தை அளந்தா? அதையும் எழுதிவிட்டுப் போம்மா, அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.