தாத்தாவின் படத்தில் இருக்கும் விமானம் யாருடையது?

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையின் (தோட்ட மேலாளரின்) கார் ஓட்டிய எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய படம் கிடைத்தது. கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் எடுத்தது என்று பின்னால் எழுதியிருக்கிறார். இரட்டை இறக்கை, மூடியில்லாத இரண்டு இருக்கைகள். இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் டைகர் மொத் என்ற பயிற்சி விமானம் என்றே நினைக்கிறேன். 1935 நவம்பர் 27இல் அங்கே முதலில் இறங்கியது புஸ் மொத் என்ற வேறு ரகம். உடலில் 'வீபி-சீ' என்ற பழைய இலங்கைப் பதிவு தெரிகிறது. அப்புறம் வரும் இரண்டு எழுத்துகளைத் தாத்தாவின் தோள் மறைத்துவிட்டது. துரைக்கும் அதில் பங்கு இருந்ததாம், அம்மா சொல்வார். அந்தக் காலப் பதிவேடு, உரிமையாளர்கள் கைமாறிய விவரம் எல்லாம் எங்கே பார்க்கலாம்? உங்கள் வீட்டில் இப்படிப் படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள். அம்மாவுக்கு 80 வயது. அவரிடம் சீக்கிரம் சொல்ல வேண்டும்.