தங்கச்சிக்கு லேப்டாப்: எது எடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. தங்கச்சி இந்த வருஷம் பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர் டிகிரி) சேர்றா. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட்னு கட்டடம் வரையற சாஃப்ட்வேர் எல்லாம் ஓடணும். ரெவிட் விண்டோஸ்ல மட்டும்தான்னு தெரிஞ்சதும் மேக்புக் ஆசையை அவளே விட்டுட்டா (அப்பாவுக்கு நிம்மதி).

பட்ஜெட் 70 ஆயிரம், இழுத்துப் பிடிச்சா 75. ரேம் 16 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். சிக்கல் என்னன்னா, இந்த விலைக்கு நாங்க பார்த்த கேமிங் லேப்டாப் எல்லாம் ரெண்டு கிலோவுக்கு மேல. சார்ஜர் தனியா ஒரு செங்கல். டிராயிங் ஷீட் டியூபையும் தோள்ல மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ல தொங்கிட்டுப் போறவ அவ. எடை குறைஞ்சதுல பலதுக்கும் ரேமை போர்டுலயே சால்டர் பண்ணிடறாங்க, பின்னாடி கூட்ட வழியில்ல.

ஆர்க்கிடெக்சர் படிச்சவங்க சொல்லுங்க: ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு அஞ்சு வருஷப் படிப்புக்கும் தாங்குமா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் (இந்த மாதிரி கனமான வேலைக்குன்னே செய்யறது) எடுத்த அனுபவம் யாருக்காவது இருக்கா? அடுத்த வாரத்துக்குள்ள வாங்கியாகணும்.