புதுப்பிப்பு: பூர்வீக வீட்டு முகப்பில் சித்த மருத்துவம்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில் சித்த மருத்துவம் பார்க்கலாமா, பங்காளிகள் ஒப்புக்கொள்வார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒப்புக்கொண்டார்கள், திருமணம், படைப்பு (முன்னோருக்குப் படையலிட்டு வணங்குவது) நடக்கும் நாட்களில் முகப்பை ஒழித்துத் தர வேண்டும் என்பது மட்டுமே அவர்களின் நிபந்தனை.

மருந்து செய்ய உரிமம் வேண்டுமா என்று சிலர் வினவியிருந்தீர்கள். தம்மிடம் வரும் நோயாளிகளுக்கு மட்டும் மருந்து செய்துகொள்ளும் வைத்தியர்களுக்கு, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் உற்பத்தி உரிமத்திலிருந்து விலக்களிக்கிறது. கடைக்குச் செய்து கொடுத்தால் அவ்விலக்கு பொருந்தாது. மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் இடத்தைப் பதிவு செய்வது தனி வேலை.

நான் எண்ணிப் பாராதது, வழியில் நடக்கும் வைத்தியம். பேருந்து நிறுத்தத்திலும் கல்யாணப் பந்தியிலும்கூட நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுகிறார்கள். கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஆவாரம்பூக் கஷாயம் குடிப்பதால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பெருமையுடன் சொன்னார்; அவருடைய கால்விரலிலோ ஆறாத புண் இருந்தது. மாத்திரையை விடக்கூடாது, இன்றே அரசு மருத்துவமனையில் காலைக் காட்டுங்கள் என்றேன்.

“ஏன் ஆத்தா, நீயே இங்கிலீஷ் மருந்துக்கு அனுப்புறியா?” என்றார்.

அனுப்பத்தான் வேண்டியிருந்தது. சாலையில் மருந்து சொல்வதில்லை, யாரிடம் போக வேண்டும் என்பதை மட்டுமே சொல்வது என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்களுக்குத்தான் இது பிடிக்கவில்லை.